பிரேக் இல்லாத வண்டிக்கு மண்தான் பிரேக்: பிரிட்டன் ஸ்பீட்வே தடங்கள் பற்றி

#1 – மூன்றாம் வளைவு

போன திங்கள் இரவு ஒரு ஸ்பீட்வே பந்தயம், அதாவது மண் தடத்தில் ஓடும் மோட்டார்சைக்கிள் பந்தயம், பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. எந்த ஊர் என்று சொல்லவில்லை. அங்கே தடத்தில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் காசு வாங்காமல் வருகிறவர்கள், அவர்களைக் குத்திக்காட்ட எனக்கு விருப்பமில்லை.

ஏழாவது ஹீட் (ஒரு பந்தய இரவில் வரும் பல குறு ஓட்டங்களில் ஒன்று), இரண்டாவது சுற்று. வெள்ளை ஹெல்மெட் பையன் மூன்றாம் வளைவுக்குள் அழகாகச் சறுக்கி நுழைந்தான். உள்கோட்டிலிருந்து நாலடி தள்ளி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஐந்தாவது ஹீட்டிலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன், பக்கத்தில் நின்ற பெரியவரும் பார்த்துவிட்டார். பையனின் பின்சக்கரம் அதில் இறங்கி, சட்டென்று மண்ணைக் கவ்வியது. சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்தது. அதற்கப்புறம் அவன் கையில் எதுவுமே இல்லை. நேராக வேலிக்குப் போனான். ஏர் ஃபென்ஸ், அதாவது காற்றடைத்த மெத்தை வேலி, இருந்ததால் காறை எலும்போடு போயிற்று.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: ஸ்பீட்வே வண்டிக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர். 500 சிசி ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால். எடை குறைந்தது 77 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. நாலு பேர், நாலு சுற்று, எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். வளைவில் திரும்புவதும் வேகம் குறைப்பதும் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான். அந்தச் சறுக்கல் கடைசிவரை ஒரே சீராக இருக்கும் என்று நம்பித்தான் ரைடர் ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முழு த்ராட்டிலில் போகிறார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் மண் பிடித்துக்கொண்டால், வண்டி எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கே பாயும். வளைவில் அது பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வேலியைத்தான்.

நாம் எப்போது பேசினாலும் என்ஜின், என்ஜினைத் தயார் செய்யும் டியூனர், சைலன்சர், டயர் என்றுதான் பேசுகிறோம். என் கட்சி இதுதான்: ரைடரின் முதல் பாதுகாப்புச் சாதனம் அவர் உடம்பில் மாட்டியிருப்பதோ வண்டியில் பூட்டியிருப்பதோ இல்லை, காலுக்குக் கீழே இருக்கும் மண். அதற்குத்தான் நாம் மிகக் குறைவாகச் செலவழிக்கிறோம்.

மான்செஸ்டர்காரர்களுக்கு 2016 மார்ச் 19 மறந்திருக்காது. ஸ்பீட்வேக்கென்றே கட்டிய புது அரங்கத்தின் திறப்பு நாள். பீட்டர் கிரேவன் நினைவுக் கோப்பைப் பந்தயம். கூட்டம் வந்து உட்கார்ந்தாயிற்று. தடம் சரியில்லை என்று பந்தயத்தையே ரத்து செய்தார்கள். அன்று எனக்கும் கோபம்தான். பிறகு யோசித்தேன். கிரேவன் மான்செஸ்டர் அணியான பெல் வ்யூவின் ஆள், 1955-லும் 1962-லும் உலக சாம்பியன். 1963-இல் எடின்பரோவில் முன்னால் விழுந்தவர் மேல் ஏறாமல் விலகப் போய் வேலியில் மோதி, நாலு நாள் கழித்து இறந்தார். 29 வயது. அவர் பெயரில் நடக்கும் பந்தயத்தில் ஒருவரை வேலிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்களே, அது சரியான முடிவு. அவ்வளவு கட்டிடம் கட்டியும் கடைசியில் மண் சொன்னதுதான் நடந்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 – ஷேல் தூசி

அண்ணா, மண் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் வண்டியை இவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது.

பழைய ஜேஏபி என்ஜின் காலத்தில் தடம் எந்த அளவோ, இன்றும் ஏறக்குறைய அதே அளவுதான். சில இடங்களில் இன்னும் சின்னது. பூல் ஊர்த் தடத்தைப் பாருங்கள், 300 மீட்டர்கூட இல்லை. வண்டி மட்டும் எங்கேயோ போய்விட்டது. 70-களில் நாலு வால்வு வந்தது. 90-களில் சிலிண்டரைப் படுக்கப் போட்டார்கள். நின்ற என்ஜின் வண்டி தவறினால் முதலில் ஒரு சைகை காட்டும், படுத்த என்ஜின் வண்டி காட்டாது என்று இரண்டும் ஓட்டிய பழைய ரைடர்கள் பலர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். 2011 சைலன்சர் சண்டையும் அதேதான். சத்தம் குறைக்கப் புது சைலன்சர் கட்டாயம் என்றபோது, என்ஜின் சூடாகிறது, பவர் சீராக வராமல் திடீரென்று வருகிறது என்று ரைடர்கள் கொதித்தார்கள். நீங்கள் சொன்ன அதே பள்ளத்தில், மெதுவாகப் பவர் தரும் வண்டி என்றால் அந்தப் பையன் தப்பித்திருப்பான்.

அப்புறம் காசு. மேலே இருப்பவர்கள் போலந்தில் கோவால்ஸ்கியிடமோ டென்மார்க்கில் கிராவர்சனிடமோ என்ஜின் கொடுத்துத் தயார் செய்கிறார்கள். ரிசர்வில், அதாவது அணியின் கடைசி இடத்தில், ஓடும் பையன் போன வருஷ என்ஜினை வைத்துக்கொண்டு, அடுத்த சர்வீஸை இரண்டு பந்தயம் தள்ளிப்போடுகிறான். இருவரும் ஒரே வளைவுக்குள் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். இதுவும் பாதுகாப்புப் பிரச்சினைதானே?

#3 – புதுவரவு

தப்பாக நினைக்காதீர்கள், போன மாதம்தான் முதல் முறை பார்த்தேன். விளக்கெண்ணெய் காய்ச்சிய மாதிரி ஒரு வாசனை, இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. ஒரு சாதாரணக் கேள்வி: இவ்வளவு ஆபத்து என்றால் ஒரு பிரேக் வைத்துவிட்டால் என்ன?

#4 – மூன்றாம் வளைவு

வாங்க வாங்க. வாசனை விஷயத்தில் நீங்கள் நினைத்தது சரி. என்ஜினில் ஊற்றுவது ஆமணக்கு எண்ணெயிலிருந்து வரும் ஆயில்.

பிரேக் கேள்வி எல்லோரும் கேட்பது, நானும் கேட்டிருக்கிறேன். நாலு வண்டி ஒன்றின் பின்சக்கரத்தை ஒன்று உரசுகிற மாதிரிப் போகும்போது, முன்னால் போகிறவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அவர் முதுகில் ஏறிவிடுவார். யாரிடமும் பிரேக் இல்லை என்பதால்தான் முன்னால் போகும் வண்டி திடீரென நிற்காது என்று பின்னால் வருகிறவர் நம்ப முடிகிறது. அதாவது இந்த விளையாட்டு முழுக்க 'திடீரென எதுவும் மாறாது' என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. பள்ளம் அந்த நம்பிக்கையைத்தான் உடைக்கிறது.

ஷேல் தூசி தம்பி, உங்களுக்கு விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

#5 – பழைய ஹாக்னி

தம்பிமார், நீங்கள் இரண்டு பேரும் கதைக்கிறது சரி. ஆனால் நான் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் 86-இல் லண்டன் வந்தேன். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிய ஹாக்னி விக்குக்குப் போவேன். குளிருக்கும் தனிமைக்கும் அதுதான் மருந்து. அங்கே எனக்கு ஸ்பீட்வே சொல்லித்தந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டுவார். 1979-இல் விக் ஹார்டிங்கும் ஸ்டீவ் வெதர்லியும் மோதிக்கொண்டு கம்பத்தில் அடிபட்டார்கள். ஹார்டிங் இறந்துபோனார், வெதர்லி சக்கர நாற்காலிக்குப் போனார். நான் வருவதற்கு ஏழு வருடம் முந்திய கதை. கிழவர் நேற்று நடந்தது போலச் சொல்லுவார், சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார்.

அந்த நாளில் வேலி என்றால் பலகை, இல்லையென்றால் கம்பி வலை. பலகையில் மோதினால் பலகையும் உடையும் ஆளும் உடைவார். இண்டைக்கு வளைவு முழுக்கக் காற்றடைத்த மெத்தை நிற்கிறது. எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டில் அதிக உயிரைக் காப்பாற்றியது அதுதான். அதுக்குப் பிறகு அந்தச் சின்னத் தகடு, பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டுகிற டேர்ட் டிஃப்ளெக்டர். முந்தி பின்னால் வருகிறவன் முகத்துக்கு அள்ளி அடிக்கிற மாதிரி மண் பறக்கும், கண் தெரியாது. கண் தெரியாதவன் முன்னால் விழுந்தவனை எப்படி விலத்துவான்?

ஆனால் மெத்தை எல்லாத்துக்கும் மருந்தில்லை. 1989-இல் பிராட்ஃபோர்ட் ஒட்ஸாலில் உலக அணிக் கோப்பை இறுதி. முதல் ஹீட், முதல் வளைவு. எரிக் குண்டர்சன், மூன்று முறை உலக சாம்பியன், நாலு வண்டியும் சிக்கி விழுந்ததில் அடிபட்டார். உயிர் தப்பினார், திரும்ப ஒருநாளும் பந்தயம் ஓடவில்லை. எவ்வளவு நல்ல வேலி இருந்தாலும் ஒரு வண்டி மற்ற வண்டியில் ஏறுவதைத் தடுக்காது.

#6 – 250சிசி அப்பா

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் மகனுக்குப் பதினாலு வயது, இப்போது 250 சிசி வண்டியில் ஓட்டுகிறான். வீட்டில் அவன் அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.

சாதனத் தரம் என்றதும் எல்லோரும் என்ஜினைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வண்டியைப் பழசாகத்தான் வாங்கினோம். விற்றவர் எல்லாம் புதுசாக மாற்றியது என்றார். என்ஜின் நன்றாகவே இருந்தது. மூன்றாவது பயிற்சி நாள், நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு வருகிறான், த்ராட்டிலை விட்டான், விட்டும் என்ஜின் இறங்கவில்லை. சத்தத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிறு கலங்கியது. அவன் வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு இழுபட்டு, என்ஜினை நிறுத்தும் கட்-அவுட் பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றது. வண்டி புல்வெளிப் பக்கம் உருண்டு கிடந்தது, அவன் உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் கையுறையில் மட்டும் கிழிசல்.

அன்று இரவு கராஜில் த்ராட்டில் கேபிளைக் கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒரே ஓர் இழை. தலைமுடி கனம்தான் இருக்கும். அது பிரிந்து, உறையின் வாயில் மடங்கிச் சிக்கியிருந்தது. கேபிள் விலை நாலு பேர் சாப்பிடும் பிட்சாவைவிடக் குறைவு. இப்போது ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் அவனே கேபிளைக் கழற்றி, விரல் நுனியால் நீளமாகத் தடவிப் பார்க்கிறான். பின் டயரும் அப்படித்தான்: ஒரு பக்க விளிம்பு தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடுகிறோம், இரண்டு பக்கமும் போனால் அந்த டயரை விட்டுவிடுகிறோம். நல்ல சாதனம் என்பது விலை உயர்ந்த சாதனம் இல்லை என்று அந்த ஓர் இழை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

என் கேள்வி வேறு. கேபிளை நான் பார்த்துக்கொள்ளலாம். தடத்தை எப்படிப் பார்ப்பது? நல்ல மண் எது, மோசமான மண் எது என்று எனக்குத் தெரியவில்லை.

#7 – ஷேல் தூசி

அண்ணா, உங்கள் பையன் நன்றாக இருக்கட்டும். கேபிள் விஷயத்தை எங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

#8 – தண்ணீர் வண்டி

250சிசி அப்பாவின் கேள்விக்காக மட்டும் உள்ளே வருகிறேன். பதினோரு வருஷமாகத் தன்னார்வலராகத் தட வேலை பார்க்கிறேன். பெயருக்கேற்ற மாதிரி, பெரும்பாலும் தண்ணீர் வண்டிதான்.

தடம் என்பது ஒரே மண் இல்லை. அடியில் இறுகிய களி கலந்த அடித்தளம், அதன் மேல் ஷேல். ஷேல் என்பது நொறுக்கிய களிப்பாறை, பல தடங்களில் செங்கல் நிறத்தில் இருக்கும். அதில் பொடியும் சிறு கல்லும் கலந்திருக்கும். பொடி ஈரத்தைப் பிடிக்கும், கல் டயரைப் பிடிக்கும். பொடி முழுக்கப் பறந்துபோனால் வெறும் கோலிக்குண்டு மேல் ஓட்டுவது மாதிரி. பொடி அதிகமாகி மழையும் பெய்தால் சோப்பு.

எல்லாம் தண்ணீர்தான். வெயில் காலத்தில் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தண்ணீர் அடித்தால் மேலே ஒரு அங்குலம் நனையும், கீழே தூள். இரண்டு ஹீட்டில் அந்த மேல்தோல் உரிந்துவிடும், உரிந்த இடமெல்லாம் குழி. முந்தைய நாளே அடிக்க வேண்டும், இரவில் ஊறவிட வேண்டும், காலையில் மறுபடி கொஞ்சம். ஆனால் முந்தைய நாள் அரங்கம் நம் கையில் இருக்காது. அன்று நாய்ப் பந்தயம் இருக்கும், வேறு ஊரில் ஸ்டாக் கார் இருக்கும். தட ஆளுக்குக் கொடுக்கும் நேரம் பந்தய நாள் மதியம் மட்டும். தடம் கெடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான், யாருடைய சோம்பலும் இல்லை.

அப்பா, நீங்கள் செய்ய வேண்டியது இது. தடத்தைச் சுற்றி நடக்க விடுவார்கள், நடங்கள். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டை விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். உருண்டையே வராவிட்டால் காய்ந்த மண். அழுத்தினால் உடையாமல் பிசுபிசுத்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. அப்புறம் குதிகாலால் வளைவின் உட்புறம், நடு, வெளிப்புறம் மூன்றிலும் குத்திப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இறங்கினால் சரி. ஓரிடத்தில் அரை அங்குலம், அடுத்த அடியில் மூன்று அங்குலம் என்றால் யோசியுங்கள்.

இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மண் ஆழமாக இருப்பது ஆபத்தில்லை. வழுக்குவதும் ஆபத்தில்லை. சொந்த அணிக்குத் தோதாகத் தடத்தை அமைப்பது காலங்காலமாக இருக்கிறது, நல்ல ரைடர் இரண்டிலும் ஓட்டுவார். ஆபத்து, ஓரிடம் ஒரு மாதிரியும் பக்கத்து இடம் வேறு மாதிரியும் இருப்பதுதான்.

'மூன்றாம் வளைவு' நண்பர் சொன்ன பள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவசரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, பள்ளத்தில் தளர்ந்த மண்ணை வாரிப் போட்டு மேலே சமப்படுத்துவது. பார்க்க அழகாக இருக்கும். அடுத்த ஹீட்டில் முதல் சக்கரமே அதை எடுத்து வீசிவிடும். இப்போது பள்ளமும் இருக்கிறது, இருப்பது தெரியவும் இல்லை. சரியாக அடைக்க வேண்டுமென்றால் பள்ளத்தின் ஓரத்தை வெட்டிச் செங்குத்தாக்க வேண்டும், உள்ளே தண்ணீர் தெளிக்க வேண்டும், களி கலந்த ஈர மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிக்க வேண்டும். எனக்கும் இன்னொருவருக்கும் சேர்ந்து ஆறு ஏழு நிமிஷம் ஆகும். நாலு ஹீட்டுக்கு ஒருமுறை டிராக்டர் இறங்கும்போதுதான் அந்த நேரம் கிடைக்கும். நடுவில் கேட்டால், அரங்கத்தை மூட வேண்டிய நேரம் நெருங்குகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்பார்கள். அந்த ஆறு நிமிஷத்தைக் கேட்டுச் சண்டை போட்டு வாங்காமல் ஒருமுறை விட்டேன். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் இன்றுவரை உறுத்துகிறது.

#9 – மூன்றாம் வளைவு

தண்ணீர் வண்டி ஐயா, உங்கள் பதிவைப் படித்து வைத்துக்கொள்கிறேன். 'பள்ளமும் இருக்கிறது, இருப்பது தெரியவும் இல்லை' என்றீர்களே, அன்று நான் பார்த்தது அதைத்தான் என்று இப்போது புரிகிறது. ஆறாவது ஹீட்டுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து மண் வாரிப் போட்டார்கள்.

ஷேல் தூசிக்கு: வண்டி கடுமையாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டி விதியை மாற்றப் பிரிட்டன் மட்டும் முடிவெடுக்க முடியாது. ரைடர்கள் அதே வண்டியோடு போலந்திலும் ஸ்வீடனிலும் ஓடுகிறார்கள். தடத்தை மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இன்னொன்றும் பேச வேண்டும். தடம் ஓட்டத் தகுந்ததா என்று தீர்ப்பு சொல்வது ரெஃபரி. நடைமுறையில் அவர் ரைடர்களின் முகத்தைப் பார்ப்பார். ரைடர் யார்? சொந்தக் காசில் வண்டி வைத்திருப்பவர், வேன் வைத்திருப்பவர், மெக்கானிக்குக்குக் கொடுக்க வேண்டியவர். எடுக்கும் புள்ளிக்குத்தான் சம்பளம். பந்தயம் நடக்காவிட்டால் அன்று வருமானம் இல்லை, டீசல் செலவு மட்டும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய் 'தடம் சரியா?' என்று கேட்கிறோம். அவர் 'ஓட்டிக்கொள்ளலாம்' என்கிறார். இது எப்படி நியாயமான கேள்வியாகும்?

பெரிய மேடையில் பெயர் பெற்றவர்கள் மறுத்தால் நடக்கிறது. 2015 ஏப்ரலில் உலக சாம்பியன் போட்டியின் ஒரு சுற்றான வார்சா கிராண்ட் ப்ரீயில் தற்காலிகத் தடம் பிய்ந்துபோய், ஸ்டார்ட் கேட்டும் வேலை செய்யாமல், பன்னிரண்டு ஹீட்டோடு நிறுத்தினார்கள். 2008-இல் ஜெர்மனியின் கெல்சென்கிர்சனில் தடம் தயாராகவில்லை என்று அந்தச் சுற்றையே போலந்தின் பிட்கோஷ்சுக்கு மாற்றினார்கள். அங்கெல்லாம் உலக சாம்பியன்கள் இருந்தார்கள். ஒரு சாதாரண வியாழக்கிழமை, இருநூறு மைல் ஓட்டி வந்த ரிசர்வ் ரைடர் தனியாக 'நான் ஓட மாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

என் யோசனை: வந்ததற்கும் தயாராக நின்றதற்கும் ஒரு தொகை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். அது கையில் இருந்தால் வாயிலிருந்து உண்மை வரும்.

#10 – ஷேல் தூசி

அண்ணா, இந்த இடத்தில் நான் உங்களோடு. ஆனால் பந்தயம் நடத்தும் புரொமோட்டர் அந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பார்? பெரும்பாலானவர்கள் அரங்கத்துக்கு வாடகைக்காரர்கள். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாதவர், ஊறவிட்டு உருவாக்க வேண்டிய அடித்தளத்துக்குக் காசு போடுவாரா? கவென்ட்ரி தடம் 2016-க்குப் பிறகு இல்லை. ரை ஹவுஸ் 2018. ஸ்விண்டன் 2019. பீட்டர்பரோவும் வுல்வர்ஹாம்ப்டனும் 2023. ஒவ்வொன்றும் மூடும்போது அந்த மண்ணைத் தெரிந்த ஆட்களும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என்ஜின் டியூனர் வேறு ஊருக்குப் பெட்டி கட்டிப் போகலாம். வுல்வர்ஹாம்ப்டன் மண் எந்த வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்தவர் அதை எங்கே எடுத்துக்கொண்டு போவார்?

#11 – பழைய ஹாக்னி

உண்மை தம்பி. நான் சொன்ன ஹாக்னி விக் இடத்தில்தான் 2012 ஒலிம்பிக்குக்கு ஊடக மையம் கட்டினார்கள். ஒருமுறை பேரனைக் கூட்டிக்கொண்டு போய், இதிலேதான் நான் ஸ்பீட்வே பார்த்தேன் என்று காட்டினேன். காட்டுவதற்கு ஒரு கல்கூட இல்லை.

ஒக்ஸ்ஃபோர்ட் 2007-இல் மூடி 2022-இல் திரும்பி வந்ததே, அதை நினைத்துத்தான் ஆறுதல்.

#12 – இரவுப் பணி

நான் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ஸ்பீட்வே ரைடர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், விவரம் எதுவும் சொல்லக் கூடாது. பொதுவாக ஒன்று மட்டும்.

மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் தளத்தில் இல்லாமல் ஒரு ஹீட்கூட ஓடக் கூடாது என்ற விதி உண்டு. ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் பந்தயம் காத்திருக்கும். கூட்டத்தில் சிலர் முணுமுணுப்பார்கள், தயவுசெய்து முணுமுணுக்காதீர்கள். முதல் சில நிமிஷத்தில் கழுத்தையும் முதுகையும் எப்படிப் பிடித்துத் தூக்குகிறார்கள் என்பதில்தான் அவர் பிறகு நடப்பாரா என்பது பல நேரம் இருக்கிறது.

காறை எலும்பு முறிவை எல்லோரும் லேசாகச் சொல்கிறீர்கள், அது ஆறிவிடும், சரி. தலையில் அடிபட்டது அப்படி இல்லை. எலும்பு முறிந்தவர் கையைத் தூக்க முடியாமல் வெளியே உட்காருவார். தலையில் அடிபட்டவருக்குக் கையும் காலும் நன்றாக இருக்கும், 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார், அடுத்த ஹீட்டுக்கு வண்டி ஏறப் பார்ப்பார். புள்ளிக்குக் காசு என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பூலுக்கு ஓடிய டார்சி வார்ட் 2015-இல் போலந்தில் விழுந்து முதுகுத் தண்டு போனபோது அவருக்கு 23 வயது. டை வோஃபிண்டன், மூன்று முறை உலக சாம்பியன், 2025 மார்ச்சில் போலந்தின் க்ரோஸ்னோவில் விழுந்து உடம்பு முழுக்க முறிவு. நல்ல சாதனமும் நல்ல குழுவும் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. அதனால் 'நல்ல வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்' என்று எந்தப் பெற்றோரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். 250சிசி அப்பா இருக்கவில்லை, அதற்காக அவருக்கு என் மரியாதை.

#13 – 250சிசி அப்பா

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, பயிற்சிக்குப் போனோம். நடந்ததை எழுதுகிறேன்.

தண்ணீர் வண்டி ஐயா சொன்ன மாதிரி வண்டியை இறக்குவதற்கு முன்பே நானும் மகனும் தடத்தைச் சுற்றி நடந்தோம். இரண்டாம் வளைவு வரை உருண்டை நன்றாக வந்தது, விரலில் உடைந்தது. நாலாம் வளைவின் வெளிப்பக்கம் போனதும் மகன் நின்றுவிட்டான். 'அப்பா, இங்கே குத்துங்கள்' என்றான். குத்தினேன், குதிகால் உள்ளே போய்விட்டது. ஒரு தட்டு அகலம்தான் இருக்கும். மேலே பார்க்கச் சமமாகவே இருந்தது.

தட ஆளிடம் சொன்னோம். கோபித்துக்கொள்ளவில்லை, வந்து பார்த்தார், மண் போட்டார். ஆனால் அவர் ஒருவர்தான் இருந்தார், பதினைந்து பையன்கள் வரிசையில் நின்றார்கள். இடிக்க நேரமில்லை, தளர்வாகத்தான் போட்டார். மகன் இரண்டு முறை உள்கோட்டிலேயே ஓட்டினான். மூன்றாம் முறைக்குக் கூப்பிட்டபோது ஹெல்மெட்டைக் கழற்றினான். 'அந்த மண் போயிடுச்சுப்பா, நான் பார்த்தேன். இன்னைக்கு வேண்டாம்' என்றான். காசு முழு நாளுக்கும் கட்டியிருந்தோம். ஒன்றும் பேசாமல் வேனில் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து அவன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அவனுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

அடுத்த ஞாயிறும் அதே இடம்தான். அந்தத் தட ஆளுக்கு உதவிக்கு யாருமில்லை.

#14 – தண்ணீர் வண்டி

எந்த ஊர், எத்தனை மணிக்கு என்று தனிமடலில் அனுப்புங்கள். நான் இரும்பு வாரியும் இடிகட்டையும் எடுத்து வருகிறேன். களி கலந்த மண் இரண்டு மூட்டை கராஜில் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்கிறேன். இன்னும் ஓர் ஆள் இருந்தால் ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

#15 – மூன்றாம் வளைவு

நான் வருகிறேன்.